அறுபத்தொன்றா, எழுபத்தொன்றா

காட்டில் தீப்பிடித்தால் புகையைக் கண்டு சொல்ல இரண்டு கோபுரங்கள் இருந்தன. மேற்குக் கோபுரத்துக் காவலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கிழக்கில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. இரண்டுக்கும் நடுவே நேர்க்கோட்டில் ஆறு கிலோமீட்டர். புகை எழுந்தால், எதிர்க் கோபுரத்துக்கும் புகைக்கும் இடையிலுள்ள கோணத்தை அவரவர் அளப்பார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கைப் போட்டு, தீயணைப்பு வண்டிக்கு இடம் சொல்வது காவலரின் வேலை. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

ஆனால் ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அத்தானுக்கு ஏணியில ஏறத் தெரியும், இறங்கி வரத்தான் தெரியாது" என்று மச்சினன் சொல்லிவிட, மொத்தக் குடும்பமும் சிரித்தது. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனவர்தான். அதற்குப் பிறகு ஒயர்லெஸ்ஸில் எண்களோடு சரி.

அன்று மதியம் காற்று பேயாக அடித்தது. வடக்கே புகை தெரிந்ததும் அவர் அளந்தார். அறுபத்திரண்டு பாகை. மச்சினனின் குரல் வந்தது. கரகரப்பில் முதல் பாதி அடிபட்டு, "...பத்தொண்ணு" மட்டும் காதில் விழுந்தது. அறுபத்தொன்றா, எழுபத்தொன்றா? கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பொத்தான்மேல் விரலை வைத்தார். 'இவன்கிட்டப் போய் இன்னொரு தடவை சொல்லுன்னு கெஞ்சணுமா?' விரலை எடுத்துவிட்டார்.

அறுபத்தொன்று என்றே எழுதினார். மூன்றும் சேர்ந்தால் நூற்றெண்பது. அப்படியென்றால் மூன்றாவது கோணம் ஐம்பத்தேழு. சுவரில் ஒட்டியிருந்த சைன் அட்டவணையைப் பார்த்து, ஆறை அறுபத்தொன்றின் சைனால் பெருக்கி, ஐம்பத்தேழின் சைனால் வகுத்தார். தன் கோபுரத்திலிருந்து ஆறேகால் கிலோமீட்டர். வண்டி அங்கே போய் நின்றபோது புகையும் இல்லை, தீயும் இல்லை. எழுபத்தொன்று என்று போட்டிருந்தால் ஏழேமுக்கால் வந்திருக்கும். அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஒரு மலைமுகடு குறுக்கே கிடந்தது. சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம் பிடித்தது.

அதற்குள் தேனீ வளர்க்கும் ஓர் அம்மாளின் வீடும் நாற்பது பெட்டிகளும் சாம்பலாகிவிட்டன. அந்த அம்மாள் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் வெந்திருந்தன.

விசாரணையில் அதிகாரி மச்சினனைக் கேட்டார்: "நீங்க சொன்ன எண்ணை இவர் திருப்பிச் சொன்னாரா?"

மச்சினன் ஒரு நொடி அத்தானின் முகத்தைப் பார்த்தான். "சொன்னாரு சார். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

காவலர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சினனைத் தொலைவிலிருந்த ஒரு நாற்றுப் பண்ணைக்குத் தூக்கியடித்தார்கள்.

எட்டு மாதம் மென்று விழுங்கியதை ஒரு காலையில் மனைவியிடம் கொட்டினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய இடத்துல வாய் ஒட்டிப்போச்சா?"

அன்றே அவர் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப அவர் பொய் சொன்னதாவும் நீங்க அதை மறைச்சதாவும் ஆகுதே ஐயா." காவலரைக் கோபுரத்திலிருந்து இறக்கி, அலுவலகத்தில் தபால் பிரிக்க வைத்தார்கள். மச்சினன் இனி எந்தக் கோபுரத்துக்கும் போக முடியாதென்று உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் மச்சினனே போன் செய்தான்.

"ஏன் அத்தான் இப்பப் போய் எழுதினீங்க? உங்களுக்காக ஒரே ஒரு பொய் சொன்னேன், அதையும் வீணாக்கிட்டீங்களே."

"மனசு கேக்கலடா."

"அன்னைக்கு நீங்க கேட்டிருக்கலாமே. 'என்னடா சொன்னே'ன்னு ஒரு வார்த்தை."

"இரு, அக்கா பேசணுமாம்" என்று அவர் போனை நீட்டினார். மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அக்காளும் தம்பியும் வெகுநேரம் பேசினார்கள். அவர் கூடத்து நாற்காலியில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.