ஆடித் தள்ளுபடியில் ஒரு நீல ஸ்டூல்

ஏழாம் மாதம் பிறந்ததும் ராஜாத்தியின் கால்கள் வீங்கத் தொடங்கின. காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு. தன் செருப்பு நுழையாமல் புருஷன் அறிவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, வியாசர்பாடியில் பஸ் ஏறி, டோல்கேட் பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். அங்கே எட்டு வருஷமாகப் புடவை விற்கிறாள். வாங்க வருகிறவர்களுக்கு வரிசையாக நாற்காலிகள் உண்டு. விற்கிற எட்டுப் பெண்களும் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை நிற்கவேண்டும்.

ஒரு நாள் அறிவு அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது, சட்டென்று நிரம்பவில்லை. மறுநாளே அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனான்.

நர்ஸ் ஷைனி பிரஷர் பார்த்தாள், சிறுநீரைச் சோதித்தாள்.

"இப்போதைக்கு எல்லாம் சரியா இருக்கு. மாசமா இருக்கிறப்ப கால் வீங்கறது நிறைய பேருக்கு வர்றதுதான். ஆனா மூஞ்சியோ கையோ திடீர்னு வீங்கினா, தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்கலா தெரிஞ்சா, எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிடணும்."

"தண்ணி குடிக்கிறத கொறச்சிட்டேன் சிஸ்டர். ஒடம்புல தண்ணி சேந்துகினு கீதுன்னு எதிர் வூட்ல சொன்னாங்க."

"அப்படிக் குறைக்கக் கூடாது. தண்ணி நல்லா குடி. உப்பு, ஊறுகாய், கருவாடு குறைச்சுக்கோ. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. உட்கார்ந்து காலைத் தூக்கி வை. நாள் பூரா நிக்காதே."

"நிக்கறதுதான் சிஸ்டர் வேலையே."

"கடையில வேலை செய்றவங்க உட்கார இடம் தரணும்னு சட்டமே இருக்கு. போய்க் கேளு."

கேட்டாள். முதலாளி வேதமாணிக்கம் தெற்கேயிருந்து வந்து கடை வைத்தவர். எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் கடை ஒழுங்கில் கறார்.

"ஆடி முடியட்டும்மா. வாரவங்க முன்னால நீங்க உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? முடியலேன்னா வீட்ல இருந்துக்கோ."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது. எந்தப் புடவை எந்த அடுக்கில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவள் அவள். கையா ஓய்ந்துபோயிற்று, வீட்டில் உட்கார?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே, ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கவுன்டருக்குப் பின்னால் அதைப் போட்டு உட்கார்ந்தாள். காலை ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் நீட்டினாள்.

அண்ணாச்சி வந்து நின்றார். "இது என்னம்மா? எடு."

அவள் எழுந்திருக்கவில்லை. "வேல செய்ய மாட்டேன்னு சொல்லல அண்ணாச்சி. நின்னுகினு செய்ய முடியாதுன்னுதான் சொல்றேன். சட்டமும் அதத்தான் சொல்லுது. நீங்க அனுப்பினா அனுப்புங்க. நானா போவ மாட்டேன்."

பக்கத்துக் கவுன்டர் வியாகுலம்மாள் இருபத்துமூன்று வருஷமாக அந்தக் கடையில் நிற்பவள். மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு ஒரு துணி மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தாள். "எனக்கும் காலு நரம்பு சுருட்டிகினு கீது அண்ணாச்சி. இத்தினி வருசமா கேக்கல. இப்ப கேக்கறேன்."

அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் கடை வாசலில் சளசளவென்று பேச்சு. கொடுங்கையூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார், பத்துப் பன்னிரண்டு பேர்.

"வாங்கக்கா," என்றாள் ராஜாத்தி. "நானும் உக்காந்துகினே காட்டறேன்."

கல்யாணப் பெண்ணின் அம்மா ராஜாத்தியின் காலைப் பார்த்தாள். தன் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்துக்கு முகம், மடிக்கு மடி, புடவைகள் விரிந்தன. ராஜாத்தி அடுக்கைச் சொல்வாள். வியாகுலம்மாள் எட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப உட்காருவாள். கால் கடுக்காத ராஜாத்திக்குப் பேச்சில் பொறுமை வந்திருந்தது. முகூர்த்தப் புடவையிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு வைத்துக் கொடுப்பது வரை அத்தனையும் அங்கேயே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சி கழுத்தைச் சொறிந்தபடி வந்தார். "எத்தன ஸ்டூலு வேணும்?"

"எட்டு."

"ஆடி முடியவும் வாங்கிப் போடுதேன்."

"நாளிக்கு அண்ணாச்சி."

அவர் அட்டைப்பெட்டி மேல் நீட்டியிருந்த அவள் காலைப் பார்த்தார். "சரி, நாளைக்கே," என்றார். சொன்னபடி மறுநாள் காலை எட்டும் வந்து இறங்கின.

வீக்கம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் சாயங்காலம் வலி இல்லாமல் பஸ் ஏற முடிந்தது. வாராவாரம் ஷைனியிடம் பிரஷர் பார்த்துக்கொண்டாள். கடைசிவரை ஏறவே இல்லை. புரட்டாசிக் கடைசியில் ராயபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ.

பார்க்க வந்த வியாகுலம்மாள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "விசயம் தெரியுமா? பக்கத்துப் பாத்திரக்கடைப் பொண்ணுங்களும் ஸ்டூலு கேட்டுட்டாளுங்க," என்றாள்.

"குடுத்தாங்களா?"

"குடுக்காம?"

ராஜாத்தி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.