ஆயிரத்தில் மூன்று தடவை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னது. பெயரை மாற்றி எழுதச் சொன்னாள். சத்யப்பிரியா என்று வைத்தேன்.

"பேரு நல்லாதான் கீது. ஆனா என்னை நல்லவளா காட்டிடாதீங்க" என்றாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'திரையே இல்லாத இடத்தில் திரையைத் தேடிய பெண்ணொருத்தி...'

(அடித்துவிட்டேன். கேட்க அழகாக இருந்தது. யாருக்கும் எதுவும் விளங்காது.)

நேராகவே சொல்கிறேன். சத்யப்பிரியாவின் கம்பெனி, காரில் வேகம் காட்டுகிற திரைக்கு மென்பொருள் செய்கிறது. அதை நிஜத் திரையில் ஏற்றுமுன், கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு கணினியை உண்டாக்கி அதில் ஓட்டிப் பார்ப்பார்கள். நிஜத் திரை, ஒரு படத்தைக் காட்டி முடித்ததும் 'அடுத்ததை அனுப்பு' என்று நொடிக்கு அறுபது தடவை மணி அடிக்கும். பொய்க் கணினியில் திரை ஏது? டிரைவர் என்கிற, திரையை இயக்கும் மென்பொருளுக்குள் இருக்கும் ஒரு டைமர்தான் அந்த மணியை அடிக்கும்.

அந்த மணி சரியான நேரத்துக்கு அடிக்கிறதா என்று பார்க்க மாரிசெல்வம் ஒரு டெஸ்ட், அதாவது சோதிக்கும் புரோகிராம், எழுதினான். சாத்தான்குளத்துக்காரன், அவள் டீமில் கான்ட்ராக்டில் இருந்தவன். ஆயிரம் தடவை ஓட்டினால் மூன்று தடவை அது தோற்றது.

3

"உன் டெஸ்ட்தான் நிலையில்லாம ஆடுதுப்பா" என்றாள் சத்யப்பிரியா.

"இல்லக்கா. மெசின்ல வேலை லோடு ஏறுனா மணி லேட்டா அடிக்கி. ஆனா டிரைவர் சரியான நேரத்துக்கு அடிச்சதா எழுதி வைக்கி. பொய் சொல்லுதுக்கா அது."

"ஆயிரத்துல மூணுக்கு இன்னா இப்போ?"

"மூணும் பொய்தானக்கா."

(முதல் வரைவில் மாரிசெல்வத்தை அப்பாவியாக எழுதியிருந்தேன். சத்யப்பிரியாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "அவன் அப்பாவி இல்லீங்க, பிடிவாதக்காரன். அதான் எனக்குக் கடுப்பு" என்றாள். திருத்திவிட்டேன்.)

ரிலீஸ் நெருங்கியது. எவ்வளவு தாமதம்வரை பொறுக்கலாம் என்று அந்த டெஸ்டில் இருந்த எண்ணை அவள் கூட்டி வைத்தாள். எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ். இத்தனை நாள் ஏன் சிவப்பாக இருந்தது என்று மேனேஜர் திருமலை கேட்டார்.

"மாரி எழுதின டெஸ்ட் சரியில்ல சார்."

அந்த மாதத்தோடு அவன் கான்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

4

நாலு மாதம் கழித்து, சோதனை ஓட்டத்தில் ஒரு கார் நின்ற பிறகும் திரை நாற்பது கிலோமீட்டர் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, ஒரு நொடிக்கு. யாருக்கும் அடி படவில்லை. சத்யப்பிரியா மூன்று நாள் தேடி, கடைசியில் மாரியின் பழைய குறிப்பைத் திறந்தாள். எந்த வரியில் தப்பு என்றுகூட எழுதி வைத்திருந்தான்; நேரத்தைப் பொய்யாக எழுதும் அந்த வரிதான் காரில் ஏற்றிய டிரைவரிலும் இருந்தது. பதினோரு வரியில் சரிசெய்தாள். மீட்டிங்கில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். மாரியின் பெயரை விட்டுவிட்டு நன்றி சொன்னாள்.

5

முடிவு ஒன்று: மாரிசெல்வம் அவளை மன்னித்து... (பொய்.)

முடிவு இரண்டு: அவள் திருமலையிடம் போய் உண்மையை... (இன்னும் போகவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்தில் அவனைப் பார்த்தாள். அவனுக்கு இப்போது போன் செய்கிற கம்பெனியின் அசெம்பிளி லைனில், ஒவ்வொரு போன் திரையையும் சரிபார்த்து அனுப்புகிற வேலை.

"இப்ப நெசத் திரையத்தான் பாக்கேன்க்கா" என்று சிரித்தான்.

"மாரி, அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி."

"தெரியும்க்கா. அன்னைக்கே தெரியும்லா."

அவனுடைய பஸ் வந்தது. திருமலையிடம் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்தாள், அவன் ஏறிவிட்டான்.

6

"கதையிலயாச்சும் நான் மாரிகிட்ட சொல்லிட்டதா எழுதிடுங்களேன்" என்று கேட்டாள்.

என்னால் முடியும். ஒரே வரிதான். ஆனால் அதை நான் எழுதிவிட்டால், அப்புறம் அவள் சொல்லவே மாட்டாள் என்று பயமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"மாரி, அன்னிக்கு திருமலை சார் கேட்டப்போ நான்