வேடி ஏறும் வண்டி

எங்கள் வீட்டு வாசலில் கேரவன் நிற்பதைப் பார்த்து சேவூரில் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை, சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள். "இன்னா குணசுந்தரி, எந்த ஊர்ல ஷூட்டிங்கு?" என்று பால்காரரிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரை கேட்டாயிற்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "உன் வாயத் தெக்கிற ஷூட்டிங்கு, நாளைக்குத்தான் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் வேலை. கை பாட்டுக்கு முடிச்சுப் போடும், வாய் பாட்டுக்குப் பேசும்.

சினிமாக்காரர்கள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற கேரவன் இல்லை இது. களம்பூரில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஷெட்டில் என் வீட்டுக்காரர் முத்துவேல் பக்கத்திலேயே நின்று கட்டி வாங்கிய சின்ன அறை. கீழே இரண்டு சக்கரம், முன்னால் ஒரு கொக்கி. உள்ளே என் மகன் வேடியப்பனின் அறை அப்படியே இருக்கிறது. அவன் கட்டில், அவன் பச்சைப் போர்வை, படுத்தபடி அவன் பார்த்துக்கொண்டிருக்கிற மின்விசிறி, அதே ஜன்னல் திரை. ஓரமாக ஒரு கக்கூஸ்.

வேடிக்கு வயது இருபத்துமூன்று. குலதெய்வத்தின் பெயரை வைத்தோம். பேச்சு அவனுக்கு அதிகம் வராது. பசித்தால் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பான், தூக்கம் வந்தால் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வேறு அறையில் அவனுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு தடவை திருவண்ணாமலையில் லாட்ஜில் தங்கிப் பார்த்தோம். சுவரோடு ஒண்டி நின்று, தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் திரும்பிவிட்டோம். 'அவனை வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் போயேன்' என்று புத்தி சொல்ல வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. நான் பிசைந்து வைத்தால்தான் அவன் வாயில் சோறு இறங்கும். புத்தி சொல்கிறவர்கள் வந்து பிசைந்து பார்க்கட்டும்.

நான் எங்கே போகவேண்டும் என்றால், நாகப்பட்டினத்துக்கு. அங்கேதான் என் அக்கா கலையரசி இருக்கிறாள். எங்கள் அம்மா போனபோது எனக்கு நாலு வயது. தலை வாரிவிட்டதும் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் எனக்குப் பிரசவம் பார்த்ததும் எல்லாம் அக்காதான். முன்னெல்லாம் அவள்தான் பஸ் பிடித்து வந்துபோவாள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். இனி அவள் வரமுடியாது, நான் போனால்தான் உண்டு. போனில் தினமும் முகம் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கையைப் பிடிக்கவேண்டும், தலையில் எண்ணெய் வைத்து வாரிவிடவேண்டும். நான் நேரில் பார்ப்பதற்குள் அவள் போய்விடுவாளோ என்கிற பயம் எனக்கு இருக்கிறது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அரசு பஸ் டிரைவராக இருந்து போன வருடம் ரிட்டயர் ஆனதும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அவன் ரூம வுட்டு வரமாட்டான் இல்ல? ரூமையே இஸ்துகினு போவோம்."

"உங்களுக்கு இன்னா, பித்து கித்து புட்ச்சிகிச்சா?" என்றேன்.

பித்து பிடிக்கவில்லை. கட்டி முடித்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வேடி வீட்டுக்குள்ளிருந்து இதற்கும், இதிலிருந்து வீட்டுக்குள்ளும் ஒரு வாரம் நடந்துகொண்டே இருந்தான். அப்புறம் ஒரு மத்தியானம் கேரவன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிப்போனான். அன்றைக்கு நான் புடவையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். இந்த மனிதரை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

திட்டுவதற்கு அதற்குள் வேறு காரணம் கிடைத்துவிட்டது. கொக்கி பார்த்தார், சக்கரம் பார்த்தார், திரைத்துணி முதற்கொண்டு பார்த்தார். எது இழுக்கும் என்று மட்டும் பார்க்கவில்லை. எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஆம்னி வேன். அதில் கேரவனைப் பூட்டி எடுத்தார். தெருமுனை மேட்டில் ஏறுவதற்குள் ஆம்னி உறுமி, இருமி, புகைந்து நின்றது. கிளட்ச் கருகிய நாற்றம் தெரு முழுக்க.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு இது தெரியாதா?"

"இஸ்துரும்னு நெனச்சேன் குணா."

"நெனப்பு இஸ்துகினு போவும், நாகப்பட்டணம் வரிக்கும்."

அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் விஷயம் ஒரு புது வண்டி வாங்குவதோடு முடிகிற விஷயம் இல்லை. வேடி ஆம்னியைத் தவிர வேறு எந்த வண்டியிலும் ஏறமாட்டான். அப்பா ஓட்டிய பஸ்ஸில்கூட ஏறியதில்லை. ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர், பெற்ற பிள்ளையை ஒரு நாளும் ஏற்றியதில்லை. அந்த வருத்தத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

ஆக, எது இழுக்கும் என்பது பாதிக் கேள்விதான். எதில் இவன் ஏறுவான் என்பது மீதி. ஏறாத வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆம்னிக்குக் கிளட்ச் மாற்றி, வேலூரில் ஒரு ஷோரூமுக்கு அதிலேயே அவனைக் கூட்டிப்போனோம். ஏசி, வெள்ளை வெளிச்சம், பளபளவென்று வரிசையாக வண்டிகள். வேடி ஒவ்வொரு வண்டியாகப் போய் முன்பக்கத்தை விரலால் தடவினான், கதவைத் தடவினான், திரும்பி வந்து ஆம்னியில் உட்கார்ந்துகொண்டான். இன்னொரு ஷோரூம். அங்கேயும் அதே தடவல், அதே திரும்பல். ஆம்னி சீட்டு உறையைக் கழற்றிப் புது வண்டியில் போட்டுப் பார்த்தோம். அவனுக்குப் பிடித்த வேர்க்கடலை மிட்டாயைப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தோம். கையை மட்டும் நீட்டி மிட்டாயை எடுத்துக்கொண்டான். கெட்டிக்காரன்.

கடைசியாக ஆரணி பைபாஸில் இருக்கிற ஷோரூம். அங்கே வேலை பார்க்கிற அஜித் என்கிற பையன் பொறுமைசாலி. கேரவனின் எடையைக் கேட்டுக்கொண்டு, "டீசல் வண்டிதாம்மா சரிப்படும், இது நல்லா இழுக்கும்" என்று ஒரு பெரிய வண்டியைக் காட்டினான். என் வீட்டுக்காரருக்கும் பிடித்துவிட்டது. வேடி தடவிப் பார்த்தான். திரும்பிவிட்டான்.

"இன்னொரு நாள் வாங்கம்மா, பழகிடும்" என்றான் அஜித். இன்னொரு நாளும் போனோம். பழகவில்லை. ஆம்னியில் திரும்பி வரும்போது நான் சொன்னேன், "வுட்ருங்க. எனக்குக் குடுத்து வெக்கல. போன்ல பாத்துக்கறேன்." அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் இறங்கி நின்றார்.

கடைசித் தடவை என்று சொல்லித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் அழைத்துப்போனார். நாங்கள் போனபோது ஷோரூம் வாசலில் ஒரு குடும்பம் புது வண்டி எடுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குக் காட்டிய அதே வண்டி. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சுற்றிப்போடப் பூசணிக்காய் தயாராக இருந்தது. பட்டுப்புடவையில் ஒரு பெண், அவள் பெயர் பவித்ரா என்று அப்புறம் தெரிந்தது, கற்பூரத்தட்டோடு நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார், கையிலிருந்த செல்போனில் மணி பார்த்துக்கொண்டு.

நான் ஆம்னி கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் வேடி நேராக அந்த வண்டியிடம் போய்விட்டான். முன்பக்கத்தில் இருந்த பொட்டை விரலால் தொட்டான். கதவில் இருந்த பொட்டைத் தொட்டான். பின்கதவைத் திறந்தான், ஏறினான், டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

அடுத்தவர் வீட்டுப் புது வண்டி. அந்த வீட்டு மனுஷி இன்னும் ஏறவில்லை, முதலில் ஏறி உட்கார்ந்தவன் என் பிள்ளை. எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய தப்பு வேறு என்ன இருக்கிறது?

"யாருப்பா அது? எறங்கு, எறங்கு" என்றார் மாமியார். "மொதல்ல வூட்டு ஆளுங்க உக்காரணும். இன்னா அநியாயம் இது?"

"மன்னிச்சிக்குங்கம்மா" என்று ஓடினேன். "ஒண்ணும் தெரியாத புள்ளைங்க. வேற வண்டியில ஏறவே மாட்டான். வேடி, எறங்குடா கண்ணு." அவன் கையைத் தொட்டேன். அவன் உடம்பு விறைத்தது. இழுத்தால் அலறப்போகிறான், எல்லாருடைய நல்ல காரியமும் கெடப்போகிறது. இவ்வளவுக்கும் நடுவில் என் மனசின் ஒரு மூலை, ஏறிவிட்டானே, ஏறிவிட்டானே என்று குதித்துக்கொண்டிருந்தது. அதற்காகவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆம்னிக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்தனமும் குங்குமமும் வைப்பது வேடிதான். வருடக்கணக்காக வைக்கிறான். ஷோரூம் ஷோரூமாக இவன் தடவித் தடவித் தேடியது பொட்டைத்தான். பொட்டில்லாத வண்டி அவனுக்கு ஏறுகிற வண்டி இல்லை. எந்த ஷோரூமில் பூஜை போடாத வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள்? பெற்றவள் எனக்கே புரியவில்லையே. வாயை மட்டும் இவ்வளவு நீளமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நல்ல நேரம் முடியப்போவுது, ஜல்தியா எறக்குங்க" என்றார் மாமியார்.

பவித்ரா தட்டைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். வேடி கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தான், கிளம்பக் காத்திருக்கிறவன் போல.

"அக்கா, இவரு எங்க போவணும்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேரவன், என் அக்கா, நாகப்பட்டினம், பொட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். என்ன வரிசையில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் முழுசாகக் கேட்டாள்.

"அத்தே, பெல்ட்டுகூடப் போட்டுகினு உக்காந்துகினு இருக்காரு. எறக்கி வுட எனக்கு மனசு வரல" என்றாள். "இவரே மொதல்ல உக்காந்துகினு ஒரு ரவுண்டு வரட்டும். அக்கா, நீங்களும் ஏறுங்க."

மாமியார் முகத்தைச் சுளித்தார். பூசணிக்காயைத் தூக்கி வந்தவரிடம் நான் மெதுவாகச் சொன்னேன், "உடைக்கிற சத்தம் அவனுக்கு ஆவாதுங்க." அதைக் கேட்ட மாமியார் ஒரு நிமிடம் வேடியைப் பார்த்தார். பிறகு பூசணிக்காயை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"வூட்டாண்ட போயி ஒடைச்சிக்கலாம். நீ வண்டிய எடு, நேரமாவுது" என்றார் மருமகளிடம்.

பவித்ரா ஓட்டினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. நான் வேடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பைபாஸில் வண்டி வேகம் பிடித்ததும் அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான், ஆம்னியில் சாய்வது போலவே. கிளம்பும்போதே பின்னால் ஷோரூம் வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அஜித் அவர் தோளைப் பிடித்திருந்தான். "இதே வண்டி, தம்பி. என் புள்ள கையால பொட்டு வெச்சி எடுத்துக்கறோம்" என்று அப்போது அவனிடம் சொல்லியிருக்கிறார்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். தலையணையில் சாய்ந்தபடி அவள் முகம் வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"எங்கடி இருக்கே? காத்து அடிக்குது."

போனை வேடி பக்கம் திருப்பினேன். ஜன்னல், வயல், சாய்ந்திருக்கிற அவன் தலை.

"இது ஆம்னி இல்லையே" என்றாள்.

"ஆம்னி இல்லக்கா."

"யாரு வண்டி?"

"யாரோ பவித்ரான்னு ஒரு நல்ல பொண்ணோட வண்டி. ஏறிட்டான்க்கா. வேடி ஏறிட்டான்."

அக்கா முகம் திரையிலிருந்து விலகியது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை. அவள் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி, வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல கெடக்குற பைக்கை எல்லாம் எடுக்கச் சொல்லு. என் தங்கச்சி வர்றா, கேரவன் நிக்க எடம் வேணும்."