நிற்காத பிளிடா

ஆஸ்முண்ட் தன் குதிரையின் கண்களில் சுண்ணாம்பு வைத்த மறுநாள், மினசோட்டாவில் அவன் நிலத்தில் மட்டும் பொழுது விடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தொல்லெஃப்பின் கோதுமை வெயிலில் காய்ந்தது. இந்தப் பக்கம் நட்சத்திரங்கள். தொல்லெஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "வைக்கோல் பக்கம் விளக்கக் கொண்டு போயிராதப்பா" என்றான். அறுவடை நேரம், அதற்கு மேல் நின்று பேச யாருக்கும் பொழுதில்லை.

பிளிடா என்ற அந்தக் குதிரை, ஆஸ்முண்டின் மனைவி குன்ஹில்டு பிறந்த வீட்டிலிருந்து கூட்டி வந்தது. நார்வேக்காரர் குதிரைகள் எல்லாவற்றையும் போல, "ப்த்ரோ" என்றால் நின்றுவிடும். கதிரடிக்கும் இயந்திரம் வந்த பிறகு அதைச் சுழற்ற நாளெல்லாம் வட்டமடிக்க வேண்டியதாயிற்று. தலை சுற்றி அடிக்கடி நின்றது. குருட்டுக் குதிரைக்குத் தலை சுற்றாது என்று இயந்திரம் விற்றவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். ஆஸ்முண்ட், பாவி, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

கண் போன பிறகும் குன்ஹில்டு மனசு கேளாமல் அவ்வப்போது "ப்த்ரோ" சொல்லி அதை நிறுத்தித் தண்ணீர் காட்டினாள். ஆஸ்முண்ட் அந்தச் சொல்லையே கெடுக்க முடிவு செய்தான். தானே "ப்த்ரோ" என்பான். குதிரை நின்றதும் சவுக்கால் விளாசுவான். அறுவடை முடிவதற்குள் அந்தச் சொல் காதில் விழுந்தாலே பிளிடா பாய்ந்தது.

"இப்பச் சொல்லிப் பாரு" என்றான் மனைவியிடம்.

"கண்ணத்தான் எடுத்துட்ட. நிக்கவாவது விட்டிருக்கலாம்ல?" என்றாள் குன்ஹில்டு. 

இருட்டிலும் கோதுமை விளைந்தது, கொஞ்சம் வெளுத்து. அடுத்த அறுவடையில், வட்டத்தின் நடுவே பலகைமேல் நின்ற ஆஸ்முண்டின் சட்டைக் கை பற்சக்கரத்தில் மாட்டியது. "ப்த்ரோ" என்று கத்தினான். குதிரை வேகம் பிடித்தது. குன்ஹில்டு வேண்டுமென்றே சும்மா நின்றாள் என்று ஊரில் சிலர் சொல்வது வடிகட்டிய பொய். ஓடினாள், கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினாள். ஆனால் குதிரையை நிறுத்தப் பிறந்ததிலிருந்து அவள் நாக்குக்குப் பழகியது ஒரே ஒரு சொல். அதைத்தான் அவளும் கத்தினாள்.

குழி தோண்டக் கண் தெரிய வேண்டுமென்று அவனைத் தொல்லெஃப்பின் பக்கம் புதைத்தார்கள்.

நுகத்தை அவிழ்த்த பிறகும் பிளிடா நிற்கவில்லை. வருஷங்கள் போயின. அக்கம்பக்கத்துப் பெண்கள் அதில் தங்கள் வெண்ணெய் கடையும் பீப்பாய்களைப் பூட்டிக்கொண்டார்கள். அங்கே வெயில் இல்லாததால் வெண்ணெய் உருகுவதில்லை. குன்ஹில்டு மடியில் ஓட்ஸ் கட்டிக்கொண்டு கூடவே நடந்து ஊட்டுகிறாள். ஊட்டி முடித்ததும் கழுத்தைத் தடவி, "ப்த்ரோ" என்கிறாள். ஒவ்வொரு முறையும் குதிரை இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கிறது.