நானூறும் ஆயிரமும்

மாத்தளை டவுனில், அரசாங்க குவாட்டர்ஸ் ஒன்றின் முற்றத்தில் இரண்டு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நீலம் நானூறு சீசீ, எட்டு வருஷப் பழசு. சிவப்பு ஆயிரம் சீசீ. அதற்குப் பதினெட்டு வயது, ஆனாலும் பெயின்ட் மங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே விலை. வாங்க வந்த ஜிப்ரிக்கு அதுதான் விளங்கவில்லை.

"விலையை வித்தியாசமாப் போட்டால் ஆக்கள் விலையைப் பாத்து முடிவெடுப்பினம்," என்றார் பைக்குகளின் சொந்தக்காரர் மகேந்திரராஜா. நீர்ப்பாசன எஞ்சினியர், ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊரான வவுனியாவுக்கே இடமாற்றம் வந்திருந்தது. "மனிசி ஒரு பைக்குக்குத்தான் வீட்டில இடம் எண்டு சொல்லிப்போட்டா. எதை விடுறது எண்டு ரெண்டு மாசமா யோசிச்சுக் களைச்சுப் போனன், தம்பி. நீங்கள் ஒண்டை எடுங்கோ. மற்றது என்னோட வரும்."

"சேருக்கு எது கூடப் புடிக்கும்?"

"அது தெரிஞ்சால் உங்களை ஏன் கேக்கிறன்?"

ஜிப்ரிக்கு நாற்பத்து நான்கு வயது. டோஹாவில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு உக்குவளை வீட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சூப்பர்மார்க்கெட் ஸ்டோரில் என்று சொல்லியிருந்தான். மனைவி நுஸ்லாவிடமும் அதேதான். முதல் மூன்று வருஷம் அது உண்மை. மிச்சப் பதினொரு வருஷம் அவன் பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கடற்கரை ரோட்டு சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் பெரிய பைக்குகள் வந்து நிற்கும். பச்சை விழுந்ததும் அவை போய்விடும். அவன் சாப்பாட்டுப் பெட்டியோடு பின்னால் போவான். ஊருக்குப் போய் அப்படி ஒன்று வாங்குவது என்று அந்த சிக்னல்களில் வைத்துத்தான் தீர்மானித்தான். அதைப் பேராசை என்றும் சொல்ல முடியாது. எல்லா நாளும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்ததால், வேறு மாதிரி ஒரு நாளை நினைத்துப் பார்க்க அவனுக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

அன்று காலை அவன் வீட்டிலிருந்து புறப்படும்போது நுஸ்லா பால் விடாத பிளேன்டீயை நீட்டி, "எத எடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"பாத்துட்டுச் செல்றேன்."

"ம்."

நான்கு மாதமாக அவர்கள் பேச்சு இவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஃபோனிலேயே பேசிப் பழகியவர்களுக்கு ஒரே அறையில் இருந்து பேச வரவில்லை.

முதலில் நீலத்தை எடுத்துக்கொண்டு டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சொன்னபடி கேட்கிற பைக். திருப்பினால் திரும்பியது, பிடித்தால் நின்றது. குறை சொல்ல எதுவும் இல்லாததே ஜிப்ரிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இதற்காகவா இத்தனை வருஷம்?

பிறகு சிவப்பின் சாவியை வாங்கினான்.

"எல்கடுவப் பக்கம் கொஞ்சத் தூரம் ஏத்திப் பாருங்கோ. நேர் ரோட்டில அது தேவதை. வளைவில அவசரப்படாதேங்கோ," என்றார் மகேந்திரராஜா.

உக்குவளைக்குப் போகும் வழியில் ஒரு நேரான துண்டு வந்தது. கையை லேசாகத் திருகினான். பைக் அவனை விட்டுவிட்டுப் போகப் பார்ப்பது போலப் பாய்ந்தது. நெஞ்சு ஒரு கணம் காலியாகி, தொண்டையில் சிரிப்பு வந்தது. அதற்குள் முன்னால் ஒரு பஸ். பிரேக் பிடித்தான். அவ்வளவுதான். அதன்பிறகு மலை ஏறும் வரை அந்த இன்ஜினுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கவில்லை. மணிக்கட்டுகள் நோகத் தொடங்கின. குனிந்தே இருந்ததில் முதுகு பிடித்தது. இன்ஜின் சூடு தொடையைச் சுட்டது. அந்தச் சூடு அவனுக்கு டோஹாவில் நன்றாகப் பழகிய சூடு. அதை விட்டுத்தானே ஓடி வந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

தோட்டம் தொடங்கும் இடத்தில், ஒரு குறுகிய வளைவில், தேயிலை ஏற்றிய லொறி இறங்கி வந்தது. ஜிப்ரி ஓரம் கட்டி நிறுத்தி இடது காலை ஊன்றினான். ஊன்றிய இடத்தில் சரளைக் கல். கால் வழுக்கியது. பைக் மெதுவாகத்தான் சாய்ந்தது. பிடித்துவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு மெதுவாக. பிடிக்க முடியவில்லை. இருநூறு கிலோவும் அவன் காலின் மேல் படுத்துக்கொண்டது. லொறிக்காரன் அதைப் பார்க்காமலே கீழே போய்விட்டான்.

கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த நான்கு பெண்கள் பைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"ஆடாதீங்க நானா! கால இழுக்காதீங்க!" என்று மூத்தவள் அதட்டினாள். "செல்வி, நீ அந்தப் பக்கம் புடி. யப்பா, எரும மாடு கணக்கா இருக்கே!"

மூன்றாவது தடவைதான் தூக்க முடிந்தது. ஒருத்தி சக்கரத்துக்குக் கல் வைத்தாள். இன்னொருத்தி போத்தலில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்தாள். மூத்தவள் அவன் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்து, "வீங்குது. இந்த வயசுல ஏன் நானா ஒங்களுக்கு இந்த வேல?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை.

அவன் ஃபோன் பண்ண, மகேந்திரராஜா ஆட்டோ பிடித்து வந்தார். பைக்கின் இடப்பக்கம் முழுக்கக் கீறல், கண்ணாடி உடைந்திருந்தது. அவர் அதை ஒரு தரம் பார்த்தார். ஜிப்ரியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பைக்கை அவரே ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

ஆஸ்பத்திரிக்கு நுஸ்லா வந்து சேர்ந்தபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் ஒரு வெடிப்பு, ஆறு கிழமை பிளாஸ்டர் போட வேண்டும் என்றார். பிறகு படத்தில் கொஞ்சம் மேலே விரலை வைத்து, இந்தக் காலே முன்னாலும் ஒரு தடவை உடைந்திருக்கிறதே, எப்போது என்று கேட்டார்.

ஜிப்ரி நுஸ்லாவைப் பார்க்காமல், "அங்க இருக்கும்போது," என்றான்.

டாக்டர் போனபிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்டோர்ல விழுந்தீங்களா?"

பொய் சொல்ல வழி இருந்தது. அவளே அதை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் ஜிப்ரிக்கு அதற்குரிய தெம்பு இல்லை.

"ஸ்டோர் இல்ல. டெலிவரி. பைக்ல."

"எத்தின வருஷம்?"

"பதினொண்ணு."

நுஸ்லா முந்தானையை இழுத்துத் தலையில் சரி செய்தாள். "கால் ஒடஞ்சது எப்ப?"

"ரெண்டாயிரத்திப் பதினெட்டுல. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மொத நாள்."

"அந்தப் பெருநாளைக்கு நீங்க வீடியோ கோல் எடுக்கல்ல. நெட் இல்லன்னீங்க. மக நதா புதுச் சட்ட போட்டுட்டு பொழுதுபட்டு மகுரிப் தொழுற வரைக்கும் ஃபோனப் பாத்துட்டு இருந்தா."

"பயந்துடுவீங்கன்னுதான் செல்லல்ல."

"நான் பயப்படாமயா இருந்தேன்?" அவள் குரல் உயரவில்லை. "என்னத்துக்குன்னு தெரியாம பயந்துட்டு இருந்தேன். அது லேசுன்னு நெனக்கிறீங்களா?"

அவன் அவளுடைய கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை நீட்டவில்லை, விலக்கவும் இல்லை. பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு யாரோ பாண் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மகேந்திரராஜா நீலத்தில் உக்குவளைக்கு வந்தார். நுஸ்லா கதிரை போட்டுக் கொடுத்தாள்.

ஜிப்ரி யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "சேர், செவப்ப நானே எடுக்கிறேன். விழுத்தினது நான்தானே."

"விழுத்தின கடனுக்கு ஒருத்தரும் பைக் வாங்கக் கூடாது தம்பி." அவர் பிளேன்டீயைக் கீழே வைத்தார். "நான் அதை ரெண்டு தரம் விழுத்தியிருக்கிறன். உங்களுக்குச் சொல்லேல்ல. சொன்னால் எடுக்க மாட்டியள் எண்டு நினைச்சன். அதுதான் உண்மை. அதை விட்டுத் தொலைக்க எனக்கு மனமில்லை, ஓடவும் உடம்பில்லை. நீங்களாக் கொண்டுபோனால் நிம்மதி எண்டு பாத்தன். பிழை என்னிலதான்."

உள்ளே இருந்து நுஸ்லாவின் குரல் வந்தது. "அப்ப நீலத்த வெச்சிட்டுப் போங்க சேர்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதவருகே வந்து நின்றாள். "இவர் பைக்ல போகாம இருக்க மாட்டார். இருக்கச் சொல்லவும் எனக்கு ஏலாது. தூக்கி நிறுத்தக் கூடியத எடுக்கட்டும்."

மகேந்திரராஜா ஜிப்ரியைப் பார்த்தார். ஜிப்ரி தலையாட்டினான். தோற்றுப்போனது போலத்தான் இருந்தது. ஆனாலும் எங்கேயோ ஒரு சுமை இறங்கியது போலவும் இருந்தது. அதில் எது பெரியது என்று பார்க்க அவன் மினக்கெடவில்லை. அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வவுனியாவில் மழையா வெயிலா என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பிளாஸ்டர் வெட்டி ஒரு மாதம் கழித்து, கால் ஓரளவு தேறியதும், மாத்தளைக்குப் போக வேண்டியிருந்த ஒரு காலையில் நுஸ்லாவைப் பின்னால் ஏறச் சொன்னான். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட் உயரமானது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அபாயாவை ஒதுக்கிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து ஒருவழியாக ஏறினாள். ஸ்டேஷன் வரை போவதற்குள் மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். மூன்றாவது தடவை இறங்கியே விட்டாள்.

"என்னால ஏலாது. முட்டி ரெண்டும் போச்சு. நான் பஸ்ல வாறேன்."

"நானும் பைக்க வெச்சிட்டு வாறேன்."

"வேணாம். நீங்க பின்னால வாங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிக் கடைசி சீட்டில் இடம் பிடித்தாள். ஜிப்ரி நானூறு சீசீயை இரண்டாம் கியரில் போட்டு அதன் பின்னால் போனான். பஸ் எல்லா ஹோல்ட்டிலும் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், மரக்கறி மூட்டை இறங்கியது. புகை முகத்தில் அடித்தது. முந்திப் போக எத்தனையோ இடம் இருந்தது. அவன் முந்தவில்லை. பின் கண்ணாடிக்குள் நுஸ்லா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை திரும்பியபோது, புகையை விட்டுத் தள்ளி வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் கொஞ்சம் தள்ளி, ஆனால் பின்னாலேயே போனான்.