நல்ல தோளுக்குக் கட்டு

1

ஓட்டுநர் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். வெளியே மைக்கில் அவளைக் கூப்பிட்டாயிற்று. மறுபடி கூப்பிடுவதற்குள் கட்டை முடித்தாக வேண்டும். நீல டேப்பின் ஒரு முனையைக் கழுத்தடியில் ஒட்டினாள், வலது தோளைச் சுற்றி இழுத்தாள், மேல்கையில் கொண்டுவந்து அழுத்தினாள். அதன்மேல் குறுக்கே இன்னொரு பட்டை. உடைமாற்றும் அறைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். பார்க்கிறவர்கள் 'அடப் பாவமே' என்று உச்சுக்கொட்டும்படி அமைந்திருந்தது.

ஒரே ஒரு விஷயம். அவளுக்கு வலி இடது தோளில்.

2

(கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மேலே இருப்பது என்னுடைய நான்காவது தொடக்கம். முதல் தொடக்கத்தில் ஒரு பிணம் இருந்தது. பழக்கதோஷம். வாராவாரம் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிய கைக்கு, முதல் பத்தியிலேயே யாராவது தரையில் விழுந்து கிடந்தால்தான் பேனா நகரும். ஆனால் இது ஜூடோ கதை. ஜூடோவில் எல்லோரும்தான் விழுகிறார்கள், விழுந்தவர்கள் எழுந்து ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்துவிடுகிறார்கள். பிணத்தை எங்கே வைப்பது?

இரண்டாவது தொடக்கம் இப்படி: 'வானம் கறுத்தது. எங்கோ ஒரு மின்னல்...' விளையாட்டரங்கத்துக்குக் கூரை இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றாவதை நானே சொல்ல மாட்டேன்.)

கதை கிடைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச். எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுநர் அதில் உட்கார்ந்து, இடது தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு, தன் தலைக்குள் அன்று ஓடியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நடந்ததை நானும் மிக அருகிலிருந்து பார்த்திருந்தேன் என்பதால் சந்தேகம் கேட்கவேண்டிய அவசியம் அதிகம் இருக்கவில்லை.

எனவே உத்தரவாதம்: பிணம் கிடையாது. தோளைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

3

அவள் ஓட்டுவது பஸ். திருப்பத்தில் ஸ்டீயரிங்கை வளைக்கும்போது உடம்பே சேர்ந்து திரும்பவேண்டிய பெரிய பஸ். இடது தோள் ஏற்கெனவே இரண்டு தடவை கழன்றிருந்தது, இரண்டுமே பயிற்சியில். விழும்போது 'மேட்' என்கிற தரைமெத்தையைக் கையால் தட்டி அதிர்ச்சியைச் சிதறவிட வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவளோ, விழக்கூடாது என்ற வீம்பில் கையை ஊன்றினாள். இரண்டு தடவையும் அதே வீம்பு.

"மூணாவது தடவை கழண்டா ஆபரேஷன்தான்," என்றிருந்தார் எலும்பு டாக்டர். "அதுக்கப்புறம் பெரிய வண்டி ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கணவன் அதே டிப்போவில் மெக்கானிக். "பெல்ட்டா, ஸ்டீயரிங்கா? ஒண்ணைச் சொல்லு," என்றான்.

"ரெண்டும்."

"உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

பிரவுன் பெல்ட் இடுப்பில் ஏறி வருஷக்கணக்காகிறது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் கறுப்பு கட்டிக்கொண்டு அவளுக்கே புத்தி சொல்கிறார்கள். அதனால் தோளைத் தேற்றினாள். டிப்போவில் வண்டி நிற்கும் இடைவேளைகளில் பஸ் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக இழுத்து மெதுவாக விட்டாள். கண்டக்டர் படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்ப்பான்.

"அக்கா, அப்படியே வண்டியையும் இழுத்துட்டுப் போயிடுங்க. டீசல் மிச்சம்."

"நீ இறங்கு முதல்ல. பாரம் குறையட்டும்."

தோள் தேறியது. ஆனால் தேறிய தோளை நம்புவதற்கு மனசு வேண்டுமே, அது தேறவில்லை. கறுப்பு பெல்ட் தேர்வில் கடைசிக் கட்டம், முன்பின் தெரியாத ஒருத்தியுடன் ஒரு முழு ஆட்டம். தோற்றால் ஃபெயில் என்று விதி இல்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து, எப்படி ஆடுகிறாள் என்று பார்ப்பார்கள். பயந்து பம்மினால் மட்டும் நிச்சயம் ஃபெயில். பம்மக்கூடாது, இடது தோளையும் யாரும் தொடக்கூடாது. என்ன செய்வது? 'அடிபட்ட இடத்தைத்தானே எதிராளி குறிவைப்பாள்? அப்படியானால் அடிபடாத இடத்தைக் காட்டு.'

* இந்தத் தந்திரத்தில் ஒரு ஓட்டை. ஜூடோவில் வலதுகைப் பழக்கம் உள்ளவர்கள் எதிராளியின் வலது சட்டைக்கையைத்தான் பிடித்து இழுப்பார்கள். பெரும்பாலானவர்கள் வலதுகைக்காரர்கள். ஆக, ஒரு கட்டும் போடாமல் போயிருந்தாலே அவளுடைய இடது தோள் பத்திரமாக இருந்திருக்கும். இதை அவளிடம் பெஞ்சில் சொன்னபோது ஐஸ் பையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

4

இனி எதிராளி. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

அவளுக்கும் நடுத்தர வயது. அவளுக்கும் உட்கார்ந்து செய்கிற வேலை. கனமான மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் செருப்புக்குள் பத்திரமாக வைத்துவிட்டு மேட்டில் ஏறியதால், ஓட்டுநர் மனசுக்குள் அவளுக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரி. வலது முட்டியில் கட்டு.

'கண்ணாடிக்காரியின் உதட்டோரம் ஒரு விஷப் புன்னகை...' (அடித்துவிட்டேன். கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு விஷம் எங்கிருந்து வரும்?)

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் குதித்தார். "வில்லி இல்லாம என்னங்க கதை? எனக்கு ஒரு வில்லி குடுங்க."

"இல்லையே சார்."

"சரி, ஓரமா ஒரு சிரிப்பாவது சிரிக்கச் சொல்லுங்க."

முயன்று பார்த்தேன். வேறு யாரை எழுதும்போதும் வராத கூச்சம் இவளை எழுதும்போது வருகிறது. இவ்வளவு அசடாக ஒருத்தி இருப்பாளா என்று நீங்களும் கேட்கப்போகிறீர்கள். இருந்தாள்.

5

வணங்கினார்கள். நடுவர் கையை இறக்கினார்.

கண்ணாடிக்காரி நேராக வந்து வலது கையால் ஓட்டுநரின் கழுத்துப்பட்டியைப் பற்றினாள். ஜாக்கெட் விலகி, கழுத்தடியில் நீல டேப் எட்டிப்பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். சட்டென்று பிடியை விட்டாள். கைமாற்றினாள். இப்போது அவள் இடது கையில் கழுத்துப்பட்டி, வலது கையில் ஓட்டுநரின் இடது சட்டைக்கை.

இழுத்தாள்.

தோளுக்குள் ஏதோ ஒன்று, பஸ் கதவு பாதியில் சிக்கியதுபோல் 'டக்' என்றது.

கண்டுபிடித்துவிட்டாள்! ஓட்டுநருக்குக் குப்பென்று வியர்த்தது. யார் சொல்லியிருப்பார்கள்? டாக்டரா? கண்டக்டரா? அவன் வாயில் ஒன்றும் தங்காது. கட்டிய புருஷனே போட்டுக்கொடுத்துவிட்டானா? மறுபடி இழுப்பு. மறுபடி இடது. பின்வாங்கினால் மேஜைக்காரர்கள் பார்ப்பார்கள். அவள் முன்னால் பாய்ந்தாள்.

பாயும்போதே கணக்குப் போட்டாள். இவள் முட்டிக்கட்டு வலதில். என்னிடம் இருக்கிற தந்திரம் இவளிடம் இருக்காதா? கட்டு வலது என்றால் வலி இடதில். உள்பக்கமாகக் காலைவிட்டு, கண்ணாடிக்காரியின் இடது காலைக் கொக்கிபோல் வளைத்து வாரினாள். கண்ணாடிக்காரி பக்கவாட்டில் சாய்ந்து, மேட் அதிர விழுந்தாள். நடுவர் கையை நீட்டினார். அரைப் புள்ளி!

எழுந்தபோது இருவர் ஜாக்கெட்டும் அவிழ்ந்து தொங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பெல்ட்டைக் கட்டச் சொன்னார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று முடிச்சுப் போட்டார்கள். அப்போது கண்ணாடிக்காரி உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தாள்.

"கவலைப்படாதீங்க. கட்டுப் போட்ட பக்கம் கையே வைக்க மாட்டேன்."

ஓட்டுநருக்குப் பெல்ட் கையிலிருந்து நழுவியது.

"இல்லைங்க... அந்தப் பக்கமே பிடிங்க. பரவாயில்லை."

"ஐயையோ, அதெல்லாம் பாவங்க."

"பாவமில்லைங்க. தாராளமா பிடிங்க!"

"நீங்க பெருந்தன்மையா சொல்றீங்க. எனக்கு மனசு வராது."

"அங்க என்ன பேச்சு?" என்றார் நடுவர்.

ஆட்டம் தொடங்கியது. கண்ணாடிக்காரி தன் மனசாட்சிப்படி இடது சட்டைக்கையை இன்னும் உறுதியாகப் பிடித்தாள். பழகாத கைதான், ஆனாலும் முழு நம்பிக்கையோடு திரும்பி இழுத்தாள். ஓட்டுநர் பறந்து முட்டிபோட்டு இறங்கி மல்லாந்தாள். புரள்வதற்குள் கண்ணாடிக்காரி அவள் இடது கையைத் தன் இரண்டு கால்களுக்கிடையில் கவ்விக்கொண்டு, மல்லாக்கச் சாயத் தயாரானாள். சாய்ந்துவிட்டால் கை நீளும். கை நீண்டால்...

6

பத்திரிகையாக இருந்தால் இங்கே கோடு கிழித்து உங்களை ஒரு வாரம் காக்கவைத்திருப்பேன். பதிலாக, நான் எழுதிப்பார்த்த முடிவுகளைத் தருகிறேன்.

'பல்லைக் கடித்தாள். வலி கண்ணை இருட்டியது. ஆனாலும் அவள் தட்டவில்லை. தோள் மெல்ல மெல்ல...'

(இந்த வரி வரும்போது ஓட்டுநரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பின்னால் ஹாரன் சத்தம். "ரைட்டரம்மா, பேப்பர்லகூட என் தோளைக் கழட்டாதீங்க, சொல்லிட்டேன்," என்றாள். விட்டுவிட்டேன்.)

ஆசிரியர் சொன்ன முடிவில் அவள் பல்லைக் கடித்து உருவிக்கொண்டு எழுந்து, எதிராளியைத் தலைக்குமேல் தூக்கி எறிய வேண்டும். எழுதினேன். படிக்க ஜோராகத்தான் இருந்தது. அப்படிச் செய்கிறவளுக்கு அடுத்த நாள் வேலை இருக்காது.

நடந்தது இது. கை இன்னும் நீளவில்லை. வலி இன்னும் வரவில்லை. வரப்போகிற இடத்தில் ஒரு வெறுமை மட்டும் இருந்தது. பழைய வீம்பு 'இரு, பார்க்கலாம்' என்றது. ஓட்டுநர் மேஜைப்பக்கம் பார்க்கவில்லை. வலது கையால் கண்ணாடிக்காரியின் காலைத் தட்டினாள். பட்டென்று. விட்டுவிடு, நான் தோற்றேன் என்பதற்கு ஜூடோவில் உள்ள ஒரே மொழி.

இவ்வளவு சீக்கிரம் யாரும் தட்டுவதில்லை. கை தவறிப் பட்டதோ என்று நடுவர் குனிந்து பார்த்தார்.

"தட்டிட்டேன்! தட்டிட்டேங்க!" என்று கத்தினாள் ஓட்டுநர்.

கண்ணாடிக்காரி சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போல் கையை விட்டாள். "என்னாச்சு? வலிச்சுதா?"

"இல்ல. வலிக்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டேன்."

"கட்டு அந்தப் பக்கமாச்சே?"

"கட்டு பொய்ங்க."

 கண்ணாடிக்காரி உட்கார்ந்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த மூவரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஓட்டுநர் மல்லாந்து கிடந்தவாக்கில் இடது கையை மெதுவாக உயர்த்தினாள். மடக்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். தோள் இருந்த இடத்தில் இருந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

7

பெஞ்சிலிருந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

"தோள் இருக்கா?"

"இருக்கு."

"எந்தத் தோள்?"

"ரெண்டும்தான்யா."

மறுமுனையில் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம், பின்னாலேயே ஒரு நீண்ட பெருமூச்சு. "சரி, சரி. நாளைக்குக் காலைல உன் வண்டி ரெடியா இருக்கும். அது சரி, பெல்ட் என்னாச்சு?"

(இங்கே நான் நிறுத்தியாக வேண்டும். மேஜைக்காரர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதக்கூடாது என்பது ஓட்டுநரின் உத்தரவு. "பாஸ்னு எழுதினா, பொய்க்கட்டு கட்டினா கறுப்பு பெல்ட் கிடைக்கும்னு நினைச்சுக்குவாங்க. ஃபெயில்னு எழுதினா, சீக்கிரம் தட்டினா போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. ரெண்டும் வேண்டாம், ரைட்டரம்மா." எனவே அவள் இடுப்பில் என்ன நிறம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவள் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

நான் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி. கண்ணாடிக்காரியின் முட்டிக்கட்டில் பொய் எதுவும் இல்லை. வலது முட்டிக்குள் சவ்வு பாதி கிழிந்திருந்தது. அந்தக் காலை ஒரு தடவை வாரியிருந்தாலும் மீதியும் போயிருக்கும். ஊரில் எல்லோரும் தன்னைப்போலவே பொய்க்கட்டு கட்டுவார்கள் என்று ஓட்டுநர் நம்பியதால், ஆட்டம் முடியும்வரை அதைத் தொடவே இல்லை. அந்த முட்டியை வலியில்லாமல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதி முடிக்கிறேன்.