கடைசி வரிசையின் காலிக் கட்டம்

பெரியவள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் நாற்காலியும் வேலையும் சின்னவளுக்கு வந்தன. நாற்காலி பரவாயில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து பழகிவிட்டது. வேலைதான் பாடாய்ப் படுத்தியது.

மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி அது. திரையில் வரும் ஒவ்வொரு வாசகமும் ஓர் எக்செல் கோப்பில் இருந்தது. இடது பத்தியில் குறியீடு, நடுவில் ஆங்கிலம், வலது பத்தியில் தமிழ். தமிழ் முழுக்கப் பெரியவளுடையது. எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதி வைத்திருந்தாள் மகராசி. "அம்மா, மாத்திரை போட்டாச்சா? டபாய்க்காதீங்க." இப்படி.

வீட்டில் அம்மா அதைப் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல்வாள். "போட்டுட்டேன்டி, சும்மா நச்சரிக்காதே." எழுத்தைப் படிப்பது அம்மா, காதில் விழுவது பெரியவளின் குரல். சின்னவள் அந்த நேரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேட்கத் தாங்காது.

கோப்பின் கடைசி வரிசையில் தமிழ்க் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒரே மாத்திரையை மூன்றாம் முறை பதிவு செய்தால் வர வேண்டிய எச்சரிக்கை. அதை எழுதுவதற்குள் பெரியவளுக்கு நேரம் முடிந்துவிட்டது. நிரல் எழுதும் மூக்குக்கண்ணாடிக்காரர், அலுவலகத்தில் எல்லாருக்கும் 'கண்ணாடி', தினமும் கேட்பார். "அந்தக் கடைசி கட்டம் என்னம்மா ஆச்சு?" தினமும் இவள், "நாளைக்கு சார்" என்பாள். அதை நிரப்பினால் அக்காவின் வேலை முடிந்துபோகும். முடித்து வைக்க இவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பேச்சுத் தமிழ் வேண்டாம், எல்லாவற்றையும் மரியாதையான எழுத்துத் தமிழில் மாற்று. நாசமாய்ப் போகிற உத்தரவு! மாற்றுவதற்கு முன், 'அம்மா' என்று தொடங்கும் வாசகங்களை ஒருதரம் ஒன்றாகப் பார்த்துவிட ஆசைப்பட்டாள் சின்னவள். தமிழ்ப் பத்தியை மட்டும் தேர்ந்து, அகர வரிசைப்படுத்தச் சொன்னாள். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து மாற்றவா என்று கணினி கேட்டது. கண் கலங்கியிருந்தவள் எரிச்சலில் வேண்டாம் என்று தட்டினாள்.

வந்து நின்றன எல்லாம், 'அம்மா, அம்மா, அம்மா' என்று மேலிருந்து கீழே. ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்துவிட்டு, கை பழக்கத்தில் சேமித்தும் விட்டாள்.

சேமித்தால் அது நேராகச் சோதனைப் பதிப்புக்குப் போகும். சோதனைப் பதிப்பு இருந்த போன்கள் அலுவலகத்தில் சில, வெளியே ஒன்றே ஒன்று. பெரியவள் தன் கையால் போட்டுக் கொடுத்த அம்மாவின் போன்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த கண்ணாடி கத்தினார். "என்னம்மா கூத்து இது? வெளியேறுன்னு அழுத்தினா பிறந்தநாள் வாழ்த்து சொல்லுது!"

அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். தமிழ் வாசகங்கள் மட்டும் இடம் மாறி, குறியீடுகள் அப்படியே நிற்கின்றன. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. அம்மா ரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம் இது. போன் அடித்தாள், எடுக்கவில்லை. "பழைய கோப்பைப் போட்டுடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அம்மா கட்டில் ஓரமாகத் தரையில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது, உயிர் இருந்தது. தெருமுனை மருத்துவர் வந்து பார்த்து, காலை உயர்த்திப் படுக்க வைத்தார். "ரெண்டு போட்டிருக்காங்க. இன்னொண்ணு உள்ளே போயிருந்தா நான் இப்படி உட்கார்ந்து பேசிட்டிருக்க மாட்டேன்."

அவர் போனதும் சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா ரெண்டு போட்டே?"

"போட்டுட்டு அழுத்தினேன். 'அம்மா, இது ஆகலை, மறுபடியும் முதல்லேர்ந்து செய்யுங்க'ன்னா. போட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னா. அவ சொல்லி நான் எதைடி தட்டியிருக்கேன்?"

"அப்புறம்?"

"மூணாவதைக் கையில எடுத்துட்டேன். இந்தத் தரமாவது முதல்ல அழுத்திப் பார்ப்போம்னு அழுத்தினேன். உங்க அக்கா திட்டினா பாரு! 'போதும், கீழே வை. தங்கச்சி தெரியாம பண்ணிட்டா, அவளைத் திட்டாதே'ன்னா."

கோப்பு முழுக்கச் சின்னவளுக்கு மனப்பாடம். அப்படி ஒரு வாசகம் கோப்பில் கிடையாது. மூன்றாம் முறைக்கு உரியது அந்தக் கடைசி வரிசை. வரிசைப்படுத்தினால் காலிக் கட்டம் எப்போதும் அடியில்தான் போய் நிற்கும்; ஆகவே அந்தக் களேபரத்தில் இடம் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான். அம்மா பார்த்தது எழுத்தே இல்லாத வெற்றுப் பெட்டி.

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்தாள். இன்னொரு முறை விஷப்பரீட்சை செய்ய அவளால் முடியாது. மேலிடத்து உத்தரவு கிடக்கட்டும் என்று, அக்காவைப் போலவே எழுத முயன்று, "அம்மா, போதும். இனி போடாதீங்க" என்று அடித்துச் சேமித்தாள். கண்ணாடி எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை அட்டை தொடப்படாமல் மேசையில் இருந்தது.

"மாத்திரை போடலை, பயப்படாதே. சும்மா மூணு தரம் அழுத்திப் பார்த்தேன்" என்றாள் அம்மா. "இதை நீதானே எழுதினே?"

"ஆமாம்மா."

"அதான். நேத்து வரைக்கும் அங்கே அவ இருந்தா." திரையைக் கட்டைவிரலால் துடைத்தாள், எழுத்து அழியுமா என்று பார்ப்பதுபோல. "ஏன்டி அதை நிரப்பினே?"